ஒரு குடம் ஓசை: பிள்ளைகளோடு ஒரு மாயக்கதை எழுதிய அனுபவம்

மாயக்கதையில் எத்தனை பொய் சொல்லலாம் என்று கேட்டால் ஒன்றே ஒன்று என்பேன். அந்த ஒன்றைக் கூச்சமில்லாமல் சொல்லலாம். மிச்சமெல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். வள்ளியூர்ப் பக்கம் எங்கள் வீட்டுத் தார்சாவில் கோடை விடுமுறைக்குக் கூடும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சாகசக் கதையை எழுதி முடித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். மந்திரம் வேண்டும், அறிவியல் வேண்டும், நம்ம ஊரிலேயே நடக்க வேண்டும் என்று அவர்கள் மூன்று நிபந்தனை போட்டார்கள். மூன்றாவதுதான் எனக்குக் கைகொடுத்தது. இந்தப் பக்கத்தில் வீட்டைவிட்டு நாலு மைல் போனால் போதும், எது மந்திரம், எது அறிவியல் என்று பிரிக்க முடியாத ஏதாவது ஒன்று எதிரே நிற்கும்.

எங்களுடைய பொய் ஒரு மண்குடம். கதாநாயகி பேச்சிக்குப் பதினோரு வயது. அவள் தாத்தா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். அவர் போன பிறகு அந்தக் குடம் மச்சில் கிடக்கிறது. அதற்குள் எந்த ஓசையை விட்டு வாயைக் கட்டினாலும் அது உள்ளேயே நிற்கும், அவிழ்த்தால்தான் வெளியே வரும். கடைசியாகப் போன ஓசை முதலில் வரும். அவ்வளவுதான் மந்திரம்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் கேட்டான்: "அப்போ வில்லனோட குரலையே பிடிச்சு அடைச்சிரலாம்லா அத்தே? கதை முடிஞ்சு போச்சே." நியாயமான கேள்வி. சும்மா கிடைக்கும் மந்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்ட முடியாது. எட்டாவது படிக்கும் ஒருத்தி ஆற்றல் அழிவின்மை விதியை அப்போதுதான் பள்ளியில் படித்திருந்தாள். ஒரு பக்கம் வந்தால் இன்னொரு பக்கம் போக வேண்டும் என்றாள். அதிலிருந்து பிறந்ததுதான் குடத்தின் விலை: எந்த ஓசையை அடைக்கிறாயோ, அது குடத்தில் இருக்கும் வரை உன் காதில் விழாது. கோழி கூவுவதை அடைத்தால் எந்த ஊர்க் கோழியும் உனக்கு ஊமைதான். அம்மா கூப்பிடும் குரலை அடைத்தால் என்ன ஆகும் என்று யாரோ கேட்டார்கள். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே தூக்கி ஐந்தாம் அத்தியாயத்தில் வைத்தேன்.

கதை எழுதுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்: மந்திரம் என்ன செய்யும் என்பதைவிட என்ன செய்யாது, என்ன பிடுங்கிக்கொள்ளும் என்பதை முதலில் எழுதி வையுங்கள். கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். விதி ஒரு இடத்தில் சறுக்கினாலும் நடுக்கதையில் கையைத் தூக்கிவிடுவார்கள்.

குடத்தில் மந்திரம் இருக்கிறது, சரி. பேச்சியிடம் என்ன இருக்கிறது? குடம் மட்டும்தான் என்றால் அவள் இடத்தில் யாரை வைத்தாலும் கதை நடந்துவிடுமே. அதனால் அவளுக்குக் காதைக் கொடுத்தோம். குழாயடியில் குடம் நிறைவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். தண்ணீர் அடியில் விழும்போது சத்தம் கனமாக, தொம்மென்று இருக்கும். மட்டம் ஏற ஏறச் சத்தமும் மெலிந்து மேலே ஏறும். கழுத்தை நெருங்கும்போது கீச்சென்று ஓடும். தண்ணீருக்கு மேலே குடத்தில் மிச்சமிருக்கும் காற்றுதான் அங்கே அதிர்கிறது. அந்த இடம் குறையக் குறைய அதிர்வு வேகமாகிறது, சுருதி கூடுகிறது. பிள்ளைகளைக் குழாய்க்கு முதுகு காட்டி நிற்க வைத்தேன். நிறையப் போகிற சமயத்தில் "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று எல்லாரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். தண்ணீர் பிடிக்கும் வீட்டில் வளர்ந்த காதுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு என்பதுதான் புதிது. பேச்சி இந்தக் காதை வைத்துத்தான் ஒவ்வொரு சிக்கலையும் அவிழ்க்கிறாள். குடம் கூடமாட ஒத்தாசை செய்கிறது, அவ்வளவே.

சிக்கலுக்கு வருகிறேன். ஆடி மாதத்தில் காற்று நின்றுபோகிறது. பணகுடி, காவல்கிணறு பக்கம் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விபரீதம் என்று சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, ஆரல்வாய்மொழிக் கணவாயின் இடுங்கிய வழியில் நெருக்கிக்கொண்டு நுழைவதால் வேகம் பிடிக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆடியில் அந்தக் காத்தாடிகள் எல்லாம் அசையாமல் நிற்கின்றன என்பதே முதல் வரி என்று நான் ஆரம்பித்தேன். காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்ப்பவரின் மகன் உடனே குறுக்கிட்டான்: "காத்து இருந்தாலும் காத்தாடி நிக்கும்லா அத்தே. கரண்டு வேண்டாம்னா நிப்பாட்டிருவாவ. காத்து ரொம்பக் கூடினாலும் அதுவாவே நின்னுரும்."

நல்லதாகப் போயிற்று. பேச்சி வெறுமனே பார்த்துவிட்டு "காற்றைக் காணோம்" என்று சொல்ல முடியாமல் ஆனது. அவள் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறாள். பனையோலை சலசலக்கிறதா? களத்தில் உளுந்து தூற்றினால் பொட்டு பறக்கிறதா? அடுப்புப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது? எல்லாம் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறுதியாகிறது. அறிவியல் கதை என்றால் ஆய்வுக்கூடமும் வெள்ளை அங்கியும் வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஒரு பிள்ளை ஒன்றைச் சந்தேகப்பட்டு, இன்னொன்றை வைத்துச் சரிபார்ப்பதைக் காட்டினாலே போதும்.

காற்றைத் திருடியது யார்? அரக்கன், சூனியக்காரி என்று பட்டியல் வந்தது. எதுவும் எனக்கு ஒட்டவில்லை. இட்டமொழி, திசையன்விளைப் பக்கத்துத் தேரியைப் பார்த்தவர்களுக்கு வேறு ஆள் தேட வேண்டாம். கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேல் என்று மணல் மேடு. ஒவ்வொரு மணல் துகள் மேலும் இரும்பு ஆக்சைடு பூசியிருப்பதால் அந்த நிறம். பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒருவன் கொண்டு வந்தான். மணலில் அதைப் புரட்டி எடுத்தால் கருப்புப் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஊதினால் போகவில்லை, விரலால் வழித்தால்தான் போயிற்று. அப்போது இன்னொருவன் "இது தேரிப் பூதத்துக்க மீசை" என்றான். வில்லன் கிடைத்துவிட்டான்.

தேரிப் பூதத்துக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. பூதத்தின் உடம்பே மணல். வருஷம் தவறாமல் காற்று அவனை அள்ளிக்கொண்டுபோய் வேறொரு இடத்தில் கொட்டுகிறது. ஆயிரக்கணக்கான வருஷமாக ஒரு இடத்தில் நிம்மதியாகப் படுத்ததில்லை. அலுத்துப்போய், கணவாய்க்குப் பக்கத்தில் ஒரு குகைக்குள் காற்றை அடைத்துப் பாறையால் மூடிவிட்டான். வில்லனுக்கு இப்படி ஒரு நியாயம் கிடைத்தால் கதையின் பாதி வேலை முடிந்த மாதிரி. மணல் மேடு நகர்வதற்குக் காற்றுதான் காரணம் என்ற பாடம் வில்லனின் மனவருத்தமாகவே கதைக்குள் வந்துவிட்டது. தனியாக ஒரு பத்தி விளக்கம் எழுத வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அறிவியல் கலந்த சிறுவர் கதைகள் பலவற்றில் கடைசிப் பக்கத்தில் ஒரு மாமா வந்து, "அது கொள்ளிவாய்ப் பிசாசு இல்லை தம்பி, சதுப்பில் இருந்து வரும் வாயு" என்று சொல்லிக் கதையை முடித்து வைப்பார். அறிவியல் சரிதான். ஆனால் அதுவரை பயந்து பயந்து கூடவே நடந்து வந்த பிள்ளைக்கு அது ஏமாற்றம். அடுத்த கதையை அந்தப் பிள்ளை பாதி மனசோடுதான் கேட்கும். வாயு என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். அந்த வாயு இருக்கிற இடத்தைத் தேடிப் போனால் என்ன கிடைக்கும் என்று கதையைத் தொடங்குங்கள். இன்னொரு தொல்லை, விளக்கம் மாதிரி வேஷம் போடும் கதைகள். ராத்திரி புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்றார்கள் நம் ஆச்சிமார். அதைத் திருத்துவதாக நினைத்து, மரம் ராத்திரியில் கரியமில வாயு விட்டு ஆளை மூச்சுத் திணற வைக்கும் என்கிறார்கள் இன்றைய அண்ணன்மார். திறந்த வெளியில் ஒரு மரம் இரவில் விடும் வாயு ஓர் ஆளைத் திணறடிக்கக் காணாது. பேயாவது நல்ல கதை.

பாறைக் கதவைத் திறக்க வழி வேண்டுமே. பேச்சியும் அவள் கூட்டாளி சுடலையும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுகிறார்கள். நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்து இசைத் தூண்களைப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் குறைவு. ஒரே கல்லில் செதுக்கிய தூண் கொத்து, தட்டினால் ஒன்றுக்கொன்று வேறு சுரம். கனத்திலும் நீளத்திலும் வித்தியாசம் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு அதிர்வு. அந்த அதிர்வுக்கு ஒத்த ஓசை வெளியிலிருந்து வந்தால் கல்லும் கூடவே அதிரத் தொடங்கும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்து லேசாகத் தள்ளினாலே உயரம் போவது எப்படியோ அப்படி. இதை ஒத்ததிர்வு என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தச் சொல்லைக் கதையில் ஒரே ஒரு தடவை, சுடலையின் வாயால், அதுவும் பரீட்சையில் அதற்கு மார்க் போன கடுப்போடு சொல்ல வைத்தேன்.

அடுத்து மகேந்திரகிரி. அனுமார் இலங்கைக்குத் தாவிய மலை இதுதான் என்பது இந்தப் பக்கத்து ஆச்சிமார் சொல்லும் கதை. அதே மலையடிவாரத்தில்தான் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைக் கட்டிப்போட்டு எரித்துச் சோதிக்கிறது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐச் சுமந்துபோன ராக்கெட்டில் இருந்த கிரையோஜெனிக் எஞ்சின் வகைக்கும் சோதனை நடந்த இடம் இதுவே. அந்த எஞ்சினுக்குள் நடப்பதை நான் அப்படியே சொன்னேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. திரவ ஹைட்ரஜன், சைபருக்குக் கீழே 253 டிகிரி. திரவ ஆக்சிஜன், சைபருக்குக் கீழே 183 டிகிரி. இரண்டும் அப்படி உறைய வைக்கும் குளிர். இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்தால் இரும்பை உருக்கும் சூடு. வெளியே வருவதோ பெரும்பாலும் நீராவி.

"தண்ணியா? நெருப்பு எரிஞ்சு தண்ணியா வருதா?" என்று ஒருத்தி எழுந்தே விட்டாள். குடத்தில் ஓசை அடைபடும் என்றபோது அவள் இந்த அளவு வியக்கவில்லை. கதையிலேயே மிகப் பெரிய மந்திரம் மாதிரி இருப்பது எதுவோ அது நிஜமாக இருந்தால் பிள்ளைகள் புத்தகத்தை மூடிய பிறகும் விடமாட்டார்கள்.

பேச்சியும் சுடலையும் தூரத்திலிருந்து வெள்ளைப் புகை மேலெழுவதைப் பார்க்கிறார்கள். பேச்சி எண்ணத் தொடங்குகிறாள். பதினைந்து விநாடி கழித்து முழக்கம் வருகிறது. ஓசை விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்றால் எஞ்சின் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தி, கணக்குப் போட விட்டேன். ஐந்து கிலோமீட்டர் என்று சொன்ன பிறகுதான் அடுத்த பக்கம். முழக்கத்தைக் குடத்தில் பிடித்துக்கொண்டு போய்ப் பாறை முன்னால் திறக்கிறார்கள். பாறை குலுங்குகிறது, திறக்கவில்லை. எல்லா அதிர்வும் கலந்த இரைச்சல் அது. பாறைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. குடத்தில் ஒரு கீறலும் விழுந்துவிடுகிறது. சத்தம் பெரிதானால் பலம் பெரிது என்ற நினைப்பு அங்கே உடைகிறது.

இந்த இடத்தில் ஒரு அருமையான சமாச்சாரத்தை வெளியே விட வேண்டியிருந்தது. விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தின் கோபுரங்கள் 471 மீட்டர் உயரம். 1990 முதல் கடற்படை அங்கிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. சாதாரண வானொலி அலையைக் கடல்நீர் சீக்கிரமே விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட நீண்ட அலை கொஞ்சம் ஆழம் வரை இறங்கும். நாலு வயலுக்கு அப்பால் நிற்கிற கம்பம் கடலுக்கடியில் இருப்பவனோடு பேசுகிறது! பிள்ளைகள் அதைக் கதையில் சேர்த்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். ஆனால் வானொலி அலை ஓசை கிடையாது, அது மின்காந்த அலை. குடம் ஓசையை மட்டுமே பிடிக்கும் என்பது நாங்கள் போட்ட விதி. அலையையும் பிடிக்கும் என்றால் இரண்டாவது பொய் ஆகிவிடும். கடைசியில் கம்பத்தைப் பஸ் ஜன்னல் வழியாகச் சுடலை பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு பையனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

முடிவுக்குக் கூந்தன்குளம் வேண்டியிருந்தது. பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர். குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி இங்கே வந்து சேரும். காற்று மெலிந்த உயரத்தில் பறக்கத் தோதாக அவற்றின் ரத்தம் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும் தன்மை கொண்டது. இந்த ஊர் அமைதியைக் குடத்தில் அடைக்கலாமா என்று விவாதம் வந்தது. சத்தம் இல்லாததை எப்படி அடைப்பது? ஒருத்தி சொன்னாள்: "அங்க சத்தம் இல்லாம எங்க இருக்கு? பறவை கத்துததுதான் கேட்கும்." சரிதானே. ஆகவே குடத்தின் அடியில் ஏற்கெனவே ஒரு ஓசை கிடந்தது என்று வைத்தோம். தாத்தா ஒரு மார்கழி விடியலில் அடைத்து வைத்த வாத்துக் கூட்டத்தின் இரைச்சல். அதற்குப் பிறகு அவர் ஏன் கூந்தன்குளம் பக்கமே போகவில்லை என்பது அப்போதுதான் பேச்சிக்குப் புரிகிறது. வருஷா வருஷம் ஊர்விட்டு ஊர் போனாலும் திரும்பி வர ஒரு இடம் உள்ள பறவைகளின் குரலைப் பூதம் கேட்கிறான். எனக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும் என்கிறான். பிள்ளைகள் தேரியில் பனங்கொட்டையும் முந்திரியும் ஊன்றுகிறார்கள். வேர் பிடித்தால் மணல் ஓடாது, நிஜத்திலும் தேரியை அப்படித்தான் நிறுத்தி வைக்கிறார்கள். பனை வளர வருஷக்கணக்கில் ஆகும் என்று பேச்சி மறைக்காமல் சொல்லிவிடுகிறாள். பூதம் யோசித்துப் பார்த்து, தானே பாறையைத் திறக்கிறான்.

பெரியவர்கள் பக்கமிருந்து இரண்டு ஆட்சேபம் வந்தது. பூதத்தை நம்ப வைக்கிறாய் என்று ஒருவர். அனுமாரையும் ராக்கெட்டையும் ஒரே பக்கத்தில் வைக்கிறாய் என்று இன்னொருவர். இரண்டுக்கும் கதையில் ஆச்சி ஒரே பதில் சொல்வாள்: "தாவணும்ங்கிற ஆசை முதல்ல வந்துது, எஞ்சின் பொறவு வந்துது." ஆனால் ஒரு விஷயத்தில் நானே கறாராக இருந்தேன். சுடலைமாடனைக் கதாபாத்திரம் ஆக்கு என்று கேட்டபோது முடியாது என்றுவிட்டேன். வருஷந்தோறும் கொடை வாங்குகிற சாமி அது. பூதத்தை நாம் இஷ்டத்துக்குப் பேச வைக்கலாம், சாமியை வைக்க முடியாது. உங்கள் ஊர் நம்பிக்கையில் எது விளையாட்டுக்கு ஆகும், எது ஆகாது என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

அறிவியலைப் பாடம் ஆகாமல் சொல்லும் வித்தையை வில்லுப்பாட்டிலிருந்தே எடுத்தேன். புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார், "அப்படியா?" என்பார், சில சமயம் ஏடாகூடமாகக் கேள்வி கேட்பார். கூட்டத்தின் சந்தேகத்தை அவரே கேட்டுவிடுவதால் விளக்கம் தானாக இறங்கும். சுடலைக்கு அந்த வேலை. மூன்று வரிக்கு மேல் யாரும் தொடர்ந்து விளக்கக் கூடாது என்பது எங்கள் கணக்கு. மூன்றாவது வரியில் சுடலை ஏதாவது கேட்பான், இல்லையென்றால் பசிக்கிறது என்பான்.

பேச்சுமொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதை சொல்வது எழுத்துத் தமிழில், பேசுவது எங்கள் ஊர்த் தமிழில். "வாரியளா", "ஏட்டி", "பொறவு" எல்லாம் அச்சில் வரலாமா என்று பிள்ளைகளே முதலில் தயங்கினார்கள். வாய்விட்டு வாசித்தபோது சிரித்தார்கள், அப்புறம் தயக்கம் போய்விட்டது. வாய்விட்டு வாசிப்பது வேறு வகையிலும் உதவும். எந்த இடத்தில் பிள்ளை சன்னலைப் பார்க்கிறதோ அந்த வரியில் பென்சிலால் கோடு போடுங்கள். கோடு விழுந்த இடம் பெரும்பாலும் நாம் ரசித்து ரசித்து எழுதிய வர்ணனையாக இருக்கும். இரக்கம் பார்க்காமல் வெட்டிவிடலாம்.

ஜெராக்ஸ் எடுத்து நடுவில் ஸ்டேப்ளர் அடித்துத்தான் புத்தகம் ஆக்கினோம். முன்பக்கம் ஒரு வரைபடம்: கணவாய், மகேந்திரகிரி, தேரி, கூந்தன்குளம், பேச்சியின் வீடு. வரைபடம் வரைவதைப் பிள்ளைகளிடம் விடுவது நல்லது, தூரமும் திசையும் அவர்களே பேசி முடிவு செய்வார்கள். எங்கள் வரைபடத்தில் நம்பியாறு கொஞ்சம் வளைந்து ஓடுகிறது. வரைந்தவள் வீட்டு வாசல் வழியாக அது போக வேண்டுமாம்.